எச்சில் படாத வாய்

சிட்லபாக்கம் ஸ்ரீநிவாசராகவனின் வாய்க்குள் அடுத்தவர் எச்சில் பட்ட எதுவும் போனதில்லை. டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தும் ஆபீஸ் டம்ளரில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவர் இல்லை. வீட்டில் மனைவி கனகவல்லி டம்ளரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். தப்பித்தவறி உதடு பட்டுவிட்டால் டம்ளர் தேய்க்கப் போகும், அவள் கை அலம்பப் போக வேண்டும். நாற்பத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்து. முதல் வருஷம் பயந்தாள், பத்தாவது வருஷம் பழகினாள், அதற்கப்புறம் மனசுக்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இவ்வளவு காபந்து பண்ணின வாய் எப்படி இருந்தது என்றால், நாறியது.

அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. திருநீர்மலைக் கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியார் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்காருவார்கள். முதல் வரிசையில் நடு இடம் ஸ்ரீநிவாசராகவனுடையது. கணீரென்ற குரல். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் அந்த இடம்தான். கொஞ்ச நாளாகப் பக்கத்தில் இருந்தவர் ஒரு முழம் தள்ளி உட்கார ஆரம்பித்தார். போதாக்குறைக்கு, கீழே முன்பற்கள் இரண்டு ஆடின. பல் விழுந்தால் உச்சரிப்பு குழறும், குழறினால் நடு இடம் இன்னொருவருக்குப் போகும். அவர் பயந்ததெல்லாம் அதற்குத்தான்.

கனகவல்லி அவரைப் பக்கத்துத் தெரு பல் டாக்டர் தேவதர்ஷினியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஈறு ரொம்ப மோசமா இருக்கு சார். அடியில காரை கல்லாட்டம் கட்டியிருக்கு" என்றார் டாக்டர். "அதைச் சுரண்டி எடுத்தா இந்த ரெண்டு பல்லையும் காப்பாத்தப் பார்க்கலாம். தள்ளிப் போடாதீங்க."

ஸ்ரீநிவாசராகவன் தட்டில் இருந்த கொக்கியைக் காட்டினார். "இது இதுக்கு முன்னாடி யார் வாயில இருந்தது?"

டாக்டர் பொறுமைசாலி. பிரிக்காத உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஒவ்வொரு தடவையும் நீராவியில வெச்சு, ஒரு கிருமி இல்லாம சீல் பண்ணிடறோம் சார்."

"கிருமி போயிடும்மா. எச்சில் போகுமா?" என்று எழுந்து வந்துவிட்டார். கனகவல்லிதான் அசடு வழிய டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

நாலாம் நாள் அவர் போனில் ஒரு விளம்பரம் வந்தது. வாய்க்கான புரோபயாடிக் மாத்திரை. சப்பினால் போதும், நல்ல பாக்டீரியா உள்ளே குடியேறிக் கெட்டதை விரட்டிவிடும். கருவி வேண்டாம், வலி வேண்டாம், யாரும் தொட வேண்டாம். கடைசி வரிதான் அவரை மயக்கியது. புதினா ருசியில் அறுபது மாத்திரை வந்து சேர்ந்தது. காலையில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, சாளக்கிராம தீர்த்தம் வாங்குகிற பவ்யத்தோடு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். அது கரைந்த கையோடு கொதிக்கக் கொதிக்கக் காப்பி.

"நல்ல கிருமிக்கு வெந்நீர் அபிஷேகமா?" என்றாள் கனகவல்லி.

"உனக்கு சயன்ஸ் தெரியாது."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சராக இருந்தவளிடம் இதைச் சொன்னார். ஏரிக்கரையில் வாக்கிங் வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "நம்ம தயிர்சாதத்தோட தத்துவம்தான் ஓய், வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்" என்று பிரசங்கம் பண்ணினார்.

மூன்றாம் வாரம் நாற்றம் கொஞ்சம் குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ராத்திரி ஈறு கசிந்து தலையணை உறையில் படிகிற ரத்தக்கறை நிற்கவில்லை. அதைத் துவைத்தது அவள்தானே. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"வாய் நாத்தத்துக்குக் கொஞ்சம் கேக்கலாம்மா. சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் கூடச் சேர்த்து எடுத்தா ஈறுக்கும் சிலருக்குப் பலன் இருக்குன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, சிலது இல்லேங்குது. நிறுத்தினா அந்தக் கிருமி கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும். எப்படியானாலும் காரையை எந்த மாத்திரையும் கரைக்காது. சாரைக் கூட்டிட்டு வாங்க."

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருந்த சீட்டை இடது கையால் எடுத்துப் படித்தாள். பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். "ஏன்னா, இதைக் கொஞ்சம் கேளுங்கோ" என்று ஆரம்பித்தாள்.

"சாப்பிடற கையோட மருந்தைத் தொடறயே! எச்சில், பத்து ஒண்ணும் கிடையாதா? வை கீழே!"

வைத்துவிட்டாள். சொல்ல வந்ததையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே மாத்திரையை எறிந்திருப்பார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குக் கெட்ட கோபம், சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. பங்குனி உற்சவத்துக்குப் பத்து நாள் முன்பு, கோயிலில் சேவை முடிந்து கொடுத்த மிளகு வடையைக் கடித்தார். கீழ்ப்பல் ஒன்று வடையோடு வந்துவிட்டது. எதிர் வரிசை முழுக்கப் பார்த்தது. வேஷ்டி முனையில் பல்லை முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் வாயைத் திறக்காமல் டாக்டரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கே திறந்தார். இரண்டாவது பல்லையும் எடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கொக்கி, யார் வாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா…" என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கனகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மாத்திரைக் கம்பெனியைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், யார் யார் வாயிலோ போன இரும்பை வாயில் விட்டுக்கொள்ளும்படி ஆச்சே என்று புலம்பினார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சீட்டை எடுத்து வந்து உரக்கப் படித்தாள், தமிழில்.

"இந்த பாக்டீரியா முதல் முதல்ல ஆரோக்கியமான ஒரு குழந்தையோட வாயிலேர்ந்து எடுக்கப்பட்டது."

"வாயிலேர்ந்தா?"

"வாயிலேர்ந்துதான். அதைப் பெருக்கித்தான் மாத்திரை பண்ணியிருக்கா. குளிச்சு, திருமண் இட்டுண்டு தினம் சப்பினேளே, அது."

"எந்தக் குழந்தை?"

"கோத்திரம் போடலை."

அவர் வாஷ்பேசினுக்குப் போய் இருபது தடவை கொப்பளித்தார். திரும்பி வந்து, "கோஷ்டில யார் காதுலயும் போட்டுடாதே" என்றார். "எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்" என்றாள் அவள். அவர் அவளைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, உற்சவத்துக்கு முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்க்க அவளை எதிரே உட்காரச் சொன்னார். குரல் கணீரென்றுதான் எழும்பியது. இரண்டாவது அடியில் பல் இல்லாத சந்து வழியாக எச்சில் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தது. அவர் அப்படியே நிறுத்திவிட்டார். எதிர் வரிசையில் உட்காரப் போகிற பத்துப் பேரின் முகமும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

"போய்… அலம்பிண்டு வா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

கனகவல்லி முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"என் எச்சில்தான் உங்களுக்கு ஆகாது. உங்களோடது எனக்கு என்னிக்கும் அருவருப்பா இருந்ததில்லை. நாற்பத்திரண்டு வருஷத்துல நீங்க அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை" என்றாள். "மேலே சொல்லுங்கோ."

அவருக்கு அடுத்த அடி வரவில்லை. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.