அப்பாவின் தலைச்சுற்றலும் கடற்கரை ரோடும்

எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை காலை பத்து மணிக்குத் தள்ளாடி நடந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. மதுக்கடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். அதனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திராத என் அப்பா, நாங்கள் குடியிருந்த கருவடிக்குப்பத்தில் நாலு தெருவுக்குக் குடிகாரர் என்று பெயர் எடுத்தார்.

அப்பா பெயிண்டர். மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று, பாடிக்கொண்டே சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர். அந்த வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. கூடவே வந்த தலைச்சுற்றல் மட்டும் தங்கிவிட்டது. படுத்தால் கட்டில் சுற்றும், திரும்பினால் வீடு சுற்றும். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், எழுந்தால் மறுபடி சுற்றும். மாதக்கணக்கில் அவர் சாரம் ஏறவில்லை. அம்மா ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அப்பா சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்ததில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பு உயரத்தில் ஓர் அழுக்குக் கோடு விழுந்துவிட்டது. பெயிண்டர் வீட்டுச் சுவரில்!

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் விஷயத்தைப் பிடித்தார். காதுக்குள்ளே இருக்கிற நரம்பு கெட்டுவிட்டது, அது தப்புத் தப்பாகச் சொல்வதை மூளை நம்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, உடற்பயிற்சி சொல்லித்தரும் அறைக்கு அனுப்பினார். அங்கே ஓர் இளம்பெண் இருந்தார். அப்பாவைக் கொஞ்ச நேரம் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"தலைய அசைக்காமப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்கண்ணா. அதான் தப்பு. சுத்தட்டும் விடுங்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமா சுத்த விட்டாதான் மூளை பழகிக்கும்."

"வுழுந்துட்டா?"

"செவுத்தோரமா நின்னு செய்ங்க. வுழ மாட்டீங்க."

என் பக்கம் திரும்பி, ஒரு காகிதத்தில் ஏதாவது ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதச் சொன்னார். நான் 'அ' எழுதினேன். அதைக் கண் உயரத்தில் ஒட்டி, அதைவிட்டுப் பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பவேண்டும். பிறகு ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் முட்டினாற்போல் வைத்து நிற்கவேண்டும். இவை வசப்பட்டபின், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நேர்க்கோட்டில் நடக்கவேண்டும்.

முதல் வாரம் முழுவதும் அப்பா தலையை ஆட்டுவதும், தோட்டத்துப் பக்கம் போய் வாந்தி எடுப்பதுமாகவே இருந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருந்த மனுசன வாந்தி எடுக்க வெக்கிறாங்க. இதுக்குப் பேரு வைத்தியமா?" என்று காகிதத்தைக் கிழித்துப்போட்டார். அம்மா கடைக்குப் போனதும் அப்பா, "பாப்பா, இன்னொரு 'அ' எழுதிக் குடு" என்றார்.

அப்படி நாலு 'அ' ஆயின. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அப்பா சுவருக்கு எதிரே நின்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது.

"நிக்குது பாப்பா. எழுத்து ஆடாம நிக்குது."

அடுத்தது நடை. எங்கள் தெருவில் ஸ்கூட்டர், நாய், எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கிற கண்கள். கடற்கரை ரோட்டில் காலை நேரம் வண்டி விடமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டெம்போ ஏறிப் போனோம். "அப்பாவ வுட்டு எங்கயும் போவாத" என்பது அம்மாவின் கட்டளை.

அப்பா நடக்கத் தொடங்கினார். கடலைப் பார்த்து ஓர் அடி, கட்டடங்களைப் பார்த்து ஓர் அடி. நாலு அடிக்கு ஒருமுறை உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. வாக்கிங் வந்தவர்கள் விலகிப் போனார்கள். அப்போதுதான் எதிரே என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மா அப்பாவோடு வருவதைப் பார்த்தேன். என் கால்கள் தாமாகவே வேகமாயின. பத்தடி, இருபதடி தள்ளிப்போய்க் கரையோரப் பாறைகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

பின்னால் ஓர் அதட்டல் கேட்டது. தொப்பி வைத்த ஒரு முதியவர் அப்பாவை மறித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் அப்படி ஒருவர்.

"விடியக்காலையிலயேவா? பொம்பளப் புள்ளைங்க நடக்கற எடம்யா இது!"

"குடிக்கலைங்கய்யா. தலசுத்தலுக்கு இப்படி நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று அப்பா சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து நீட்டினார். சொல்தா அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இந்த நெலமையில தொணைக்கு யாரும் வரலையா?"

அப்பா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் கடலை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்க. தனியாத்தான் வந்தேன்."

சொல்தா, "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பிறகு அப்பாவைத் தொடாமல், ஆனால் சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும் தூரத்தில், ரோட்டின் கடைசி வரைக்கும் கூடவே நடந்தார். அவர் விடைபெற்றுப் போனபின்தான் நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

திரும்பி வருகையில் டெம்போவில் கேட்டேன். "ஏம்ப்பா தனியா வந்தேன்னு சொன்ன?"

"தல சுத்திச்சுல்ல பாப்பா. நீ வந்ததே மறந்துடுச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பெண்ணை மறக்கிற அளவுக்கா ஒருவருக்குத் தலை சுற்றும்! வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரிலிருந்த 'அ'வைப் பார்த்தார். "அடுத்த வாரம் மறக்க மாட்டாரு, போ" என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதையும் பிடிக்காமல் நடக்கவேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. அன்று ஒரு நாள் மட்டும் அப்பா விதியை மீறினார். சொல்தா அப்பாவுக்காகக் காத்திருந்தார். இது யார் என்று கேட்டார்.

"எம் பொண்ணுங்க. எனக்கு வாத்தியாரே இவதான்."

எத்தனையோ ஞாயிறுகள் மூவருமாக நடந்தோம். ஏழெட்டு மாதத்தில் அப்பா மறுபடி சாரம் ஏறினார். முதல் நாள் அம்மா கீழே நின்று, அவர் இறங்கும்வரை அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் சளி பிடித்தால் லேசாகச் சுற்றும். "வந்துட்டுப் போவட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டத் தொடங்கிவிடுவார். அந்த ஆஸ்பத்திரிப் பெண் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார். சொல்தா இப்போது இல்லை. இருவருக்கும் நேரில் சொல்லாமல் விட்ட நன்றி எனக்குள் அப்படியே இருக்கிறது.

அப்பாவிடம் கேட்காமல் விட்ட ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அவர் மறந்துவிட்டார் என்பதை நான் வெகுநாள் நம்பினேன். அடுத்த ஞாயிறு அவர் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததுகூட, மறுபடி என்னை மறந்துவிடக் கூடாதே என்றுதான். அந்த ரோட்டில் யார் யாரை மறந்தது என்கிற கேள்வி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை.