நல்ல சுருளில் வெட்டிய துண்டுகள்

தில்லி ஓக்லாவில், இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்யும் எங்கள் பிரஸ் பட்டறைக்கு நான் வேலைக்கு வந்த முதல் நாள், தகடு வெட்டும் இடத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "மேடம் தமிழா? சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அவர்தான் கலியன். விழுப்புரம் பக்கத்து ஆள். தில்லித் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவர். 2025 ஜூனில் கேம்ப்பை இடித்தபோது, நரேலாவில் அரசு மாற்று வீடு கிடைத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மனைவி குஞ்சம்மாளோடு பதர்பூரில் ஒற்றை அறைக்குப் போனார். அவருக்கு மிச்சமிருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

தகடு எங்கே கிழியும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. கேட்கப் பெரிய வித்தை மாதிரி இருக்கும். விஷயம் இவ்வளவுதான்: அச்சில் வைத்து அழுத்தினால் தகடு இழுபடும், இழுபட்டு ஓரிடத்தில் மெலியும், மெலிந்த இடம் கிழியும். எவ்வளவு தாங்கும் என்று தெரிய, அதே தகட்டில் சில துண்டுகள் வெட்டி வெளியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்த்து எண்கள் தருவார்கள். அவற்றைக் கணினியில் போடுவேன். துண்டு தப்பென்றால் என் கணிப்பு குப்பை.

ஸ்கூட்டர் பெட்ரோல் டேங்க்கின் அடிப்பாதிக்கு ஆர்டர் வந்தது. துண்டு கேட்டுச் சீட்டு எழுதினேன். எந்தத் தகட்டுச் சுருளில் வெட்டுவது என்று எண் போட அதில் ஒரு கட்டம் உண்டு. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வாடிக்கையாளர்கள் பார்க்க வரும் நாளுக்கென்று ஒரு நல்ல சுருளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்கள். சாம்பிள் என்று வாசலைத் தாண்டுவதெல்லாம் அதில் வெட்டியதுதான். கலியனும் அதில்தான் வெட்டினார். ஓரத்தை அரம் போட்டுப் பிசிறில்லாமல் வழித்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "சூப்பர்ணா" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கும் கிழியாது என்றது கணினி. நான் கையெழுத்துப் போட்டேன். உற்பத்திக்குப் போட்டதோ சாதாரணச் சுருள். மூன்றில் ஒன்று மூலையில் கிழிந்தது. கிழியாமல் தப்பியவற்றில் பல, வாடிக்கையாளரின் சோதனையில் அதே மூலையில் கசிந்தன. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

மேலாளர் ரமேஷ்குமார் எல்லோரையும் கூப்பிட்டு, துண்டு எதில் வெட்டியது என்று இந்தியில் கத்தினார். கலியன் மறைக்கவில்லை. நல்ல சுருளில்தான் என்றார்.

"சீட்டு எங்கே?"

"கோ கயா, சாப்."

தொலைந்துவிட்டதாம். எண் எழுதாமல் விட்டது நான்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் போவது நான். திறக்கவில்லை. கலியனை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார்.

"இத நீங்களே வச்சிக்கோங்க மேடம். யாரு கண்ணுலயும் பட வேணாம்."

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

"நம்பர் இல்லியேன்னு நல்லதாப் பாத்து வெட்டுனேன். ஒங்களுக்கு மொத வேல. பேரு கெட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன், இப்புடி ஆயிடுச்சு." பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார். "குஞ்சம்மா கிட்ட என்னா சொல்றதுன்னுதான் தெர்ல."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம், என் கணிப்பைச் சரிபார்க்க எண்ணைத் தெளிவாக எழுதி, சாதாரணச் சுருளில் துண்டு வெட்டி அனுப்பச் சொன்னேன். இந்த முறை கிழியும் என்று கணினி சிவப்பாகக் காட்டிய மூலை, டேங்க் கிழிந்த அதே மூலை. "இந்துஜாவின் கணக்கு தப்பவே இல்லை, தப்பு துண்டில்தான்" என்று ரமேஷ்குமார் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கைதட்டினார்கள்.

சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது. அப்போதும் நான் எடுக்கவில்லை.