கத்தரிப்பூ நிறப் பூதங்கள்

போன வருடம் கொழும்பு மண்டபத்தில் என் படையைப் பார்த்து ஒருவன் "கருவாடு" என்றான். சிங்களத்தில்தான் சொன்னான், எனக்கு விளங்காது என்ற துணிவில். கண்டக்குழிக் கடற்கரையில் பிறந்து, சந்தையில் பாதி நாள் சிங்களம் பேசி வளர்ந்தவளுக்குக் கருவாட்டின் சிங்களப் பெயர் தெரியாதாம். அன்றைக்கே அவன் மூக்கை உடைத்திருப்பேன். ஆனால் என் படையை மீண்டும் ஒருமுறை பார்த்தேன். அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

படை என்றால் பெருவிரல் உயரப் பூதங்கள். பிளாஸ்டிக்கில் செய்தவை. கொம்பு, ஈட்டி, கேடயம், பிதுங்கிய வயிறு, எல்லாம் இருக்கும். மேசையில் வைத்துச் சண்டை போடும் ஒரு விளையாட்டுக்கு உரியவை. பெட்டியில் சாம்பல் நிறமாகத்தான் வரும். நிறம் பூசுவது அவரவர் பாடு. வருடத்துக்கு ஒருமுறை கொழும்பில் கூடுவார்கள். விளையாட்டு ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் படைகளை வரிசையாக அடுக்கி, அழகாக நிறம் பூசிய படைக்கு வெற்றிக் கிண்ணம் கொடுப்பார்கள். எனக்கு விளையாட்டில் அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது அந்தக் கிண்ணம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நான் வேலை செய்யும் லொட்ஜில். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கிற காலத்தில், பட்டத்தை இடுப்பில் கட்டிப் பலகையில் கடல்மேல் சறுக்க வெள்ளைக்காரர் வருவார்கள். ஒருமுறை காற்று அடியோடு விழுந்துபோனது. ஒரு விருந்தாளி வேறு வழியில்லாமல் வராந்தாவில் இருந்து இந்தப் பூதங்களுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் பார்க்கிற சாட்டில் அவர் பக்கத்திலேயே இருந்தேன். போகும்போது ஒரு பெட்டியையும் இரண்டு தூரிகைகளையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். பிறகு என் வீட்டுக்காரர் பல முறை அந்த மனிதரைத் திட்டியிருக்கிறார்.

போன வருடம் நான் செய்த பிழை, இந்தக் கரையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. வீட்டுக்குள் இருட்டு என்று, நட்டநடுப் பகலில் முற்றத்து வெள்ளை மணலில் பாய் விரித்து நிறம் பூசினேன். மேலே வெயில், கீழே மணலின் கண்கூச்சம். அந்த வெளிச்சத்தில் காவி, துரு, சேறு, பாசி என்று ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக மின்னியது. நானே என் கையைக் கொஞ்சிக்கொண்டேன். கொழும்பு மண்டபத்தில் ரியூப்லைட்டுக்குக் கீழே அடுக்கிப் பார்த்தால், முழுப் படையும் ஒரே மண்ணிறம். பாயில் பரப்பிக் காயவிட்ட கருவாடு மாதிரியேதான் இருந்தது.

அந்தத் தோல்வியோடு ஊருக்கு வந்தால், கோயில் திருநாள். பூசை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் அக்காவும் இருந்தார், என் மச்சாள். யாரோ கொழும்புப் போட்டியைப் பற்றிக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னே மச்சாள் சொன்னார்:

"பிள்ளை இல்லாத வீட்டில வேற என்ன செய்யிற? பொம்மை வச்சுத்தானே விளையாடோணும்."

ஒருவர் இருவர் சிரித்தார்கள். சோற்றுப் பீங்கானை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அழுதேன், ஓம், வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அதற்குப் பிறகு மச்சாளோடு நான் கதைக்கவில்லை. கோயிலில் அவர் இடப்பக்கம் இருந்தால் நான் வலப்பக்கம் இருப்பேன்.

இந்த வருடம் புதுப்பெட்டி வந்தது. என்ன நிறம் என்பதில் வீடு இரண்டுபட்டது. கறுப்பும் சிவப்பும் என்றார் வீட்டுக்காரர். கொழும்பில் எல்லாப் படையும் கறுப்பும் சிவப்பும்தான். நீலமும் வெள்ளையும் பூசிப் பார்த்தேன். பூதங்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி அடங்கி ஒடுங்கி நின்றன. பச்சை பூசினேன், கழுவினேன். செம்மஞ்சள் பூசினேன், கழுவினேன்.

லொட்ஜுக்கு மீன் வாங்க விடியப்புறம் கரைக்குப் போவது என் வேலை. அப்படிப் போன ஒரு நாள், இன்னும் சரியாக வெளிக்கவில்லை, தூறல் வேறு. மீன்பிடிப் போட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. எங்கள் கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போட்டில் பூச ஒரு நிறக்கட்டு உண்டு. கரையில் நிற்கிற பெண்கள் நிறத்தைப் பார்த்துத்தான் தங்கள் வீட்டு ஆள் வருகிறார் என்று மூச்சு விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் எல்லாப் போட்டும் அழகுதான். அந்த அரை வெளிச்சத்தில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடந்தன. ஒரே ஒரு போட் மட்டும் தூரத்திலேயே துலக்கமாகத் தெரிந்தது. கீழே முட்டைக்கரு மஞ்சள், மேலே கத்தரிப்பூ நிறம், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு.

மச்சாளின் போட்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. மற்ற நாட்களிலும் போய்ப் பார்த்தேன். மழையில் பார்த்தேன், மூடுபனியில் பார்த்தேன், அரைக்கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன கத்தரிப்பூதான் முதலில் வந்து நின்றது. ரியூப்லைட் மண்டபத்தை வெல்லக்கூடிய நிறம் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் எடுத்துப் பூசிவிட முடியாது. ஒரு வீட்டு நிறக்கட்டை மற்றவர் கேட்காமல் தொடுவதில்லை. பக்கத்து ஊர் எத்தாளையில் ஒருவர் கேட்காமல் இன்னொரு வீட்டு நிறத்தைத் தன் ஆட்டோவுக்குப் பூசிவிட்டு, கோயில் வாசலில் பட்ட பாடு இன்னும் பேச்சில் இருக்கிறது. கேட்பவர் ஒரு புதுத் தூரிகையோடு போக வேண்டும். உரியவர் தூரிகையைக் கையில் வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"நீங்கள் போய்க் கேளுங்க, உங்கட அக்காதானே," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எனக்கு உயிர் ஆசை இருக்கு," என்றார் அவர்.

நானே போனேன். போட்டுக்குப் பூசுகிற அகலத் தூரிகை ஒன்றைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மச்சாள் முற்றத்தில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், தூரிகையைப் பார்த்தார்.

"என்ன, வழி மாறி வந்திட்டியா?"

"இல்ல மச்சாள். உங்கட கலரைக் கேட்டு வந்தனான்."

"உங்களுக்குத்தான் போட் இல்லையே. எதுக்குப் பூசப் போற?"

"என்ட பூதங்களுக்கு."

மச்சாள் சிரிக்க வாயெடுத்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சிரிங்க. திருநாளண்டு நீங்க சொன்னது எனக்கு இன்னும் நோகுது. சாகுமட்டும் நோகும். வேற கலர் ஒண்டு சரிவந்திருந்தா இந்த வாசலை மிதிச்சிருக்க மாட்டன். ஒண்டும் சரிவரல்ல. கரையில உங்கட போட் ஒண்டுதான் இருட்டிலயும் தெரியுது. அதனாலதான் வந்தன்."

மச்சாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த இறாலை உடைத்து முடித்தார். இன்னொன்றையும் உடைத்தார். பிறகு என்னைப் பாராமலே கதைத்தார்.

"நான் கத்தரிப்பூ பூசினநேரம் இந்தக் கரையே சிரிச்சது. போட்டா, பொம்பிளைட சட்டையா எண்டு கேட்டாங்கள். என்ட புருஷன் ஒரு கிழமை என்னோட கதைக்கல்ல. நான் மாத்தல்ல."

"தெரியும்."

"கலரைத் தாறன். ஆனா என்ட கலர் தோத்துப்போய் ஊருக்கு வரக்கூடாது. கிண்ணம் இல்லாம வந்தியெண்டா, அவ்வளவையும் என்ட முன்னால இருந்து சுரண்டி எடுக்கோணும்."

கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தூரிகையை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை.

இந்த முறை முற்றத்துப் பக்கமே போகவில்லை. பகலிலும் யன்னல்களைச் சாத்தி ரியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு பூசினேன். கவசத்துக்கு மஞ்சள். சால்வைக்கும் கேடயத்தின் மேல் பாதிக்கும் கத்தரிப்பூ. கொம்பின் நுனியிலும் ஒரு தொட்டு. தோலுக்கு மட்டும் சாம்பல், நிறங்களோடு போட்டிக்கு வராத சாம்பல். மச்சாள் ஒரு நாள் "பாக்க வந்தன்" என்று வந்து நின்றார். மேசையைச் சுற்றி வந்தார். ஒரு பூதத்தைத் தூக்கி மூக்கருகே பிடித்தார்.

"வெள்ளைக் கோடு எங்க?"

கேடயங்களில் நான் அதை விட்டுவிட்டேன். மயிர் அளவு கோடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

"கோடு இல்லாட்டி இது என்ட கலர் இல்ல," என்றார் மச்சாள், பூதத்தை வைத்துவிட்டு.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கேடயத்திலும் கோடு இழுத்தேன். என் கண் போய்விடும் போலிருந்தது. கோடு விழுந்த பிறகு பார்த்தால், இரண்டு நிறமும் ஒன்றையொன்று தள்ளிவிட்டு முன்னுக்கு வந்து நின்றன. மச்சாளுக்கு அதைச் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கனவே தலைக்கனம் போதும். அதற்குப் பிறகு அவர் கறிவேப்பிலை கேட்டு வந்தார், தீப்பெட்டி கேட்டு வந்தார். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் எப்போதோ பட்டுப்போனது அவருக்கும் தெரியும். வந்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார், நானும் பால் இல்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுப்பேன்.

போட்டி நாளன்று மச்சாளும் வெளிக்கிட்டு நின்றார். "என்ட கலர் தனியப் போகாது" என்றார். பஸ்ஸில் சிலாபம், அங்கிருந்து ரயில். பெட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் மச்சாள் சாரதியைத் திட்டினார்.

மண்டபத்துக்குள் மச்சாள் வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பிசாசுக்கு நடுவில என்னால நிக்கேலாது" என்று வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார். நான் படையை அடுக்கினேன். இரண்டு பக்கமும் கறுப்பு, வெள்ளி, இரத்தச் சிவப்பு. கைதேர்ந்தவர்களின் வேலை, ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. போன வருடத்துக் கருவாட்டுக்காரனும் வந்திருந்தான். என் மேசையைக் கடந்து போனவன் திரும்பி வந்து நின்றான். குனிந்து கேடயங்களைப் பார்த்தான்.

நடுவர்கள் போய் வந்துகொண்டிருந்தபோது சனம் நிறைந்துவிட்டது. பசி தாங்காமலோ என்னவோ, மச்சாள் வாசலில் வந்து நின்றார். நீளமான மண்டபம். நான் கடைசி மூலையில் இருந்தேன், அவருக்கு என் மேசை எங்கே என்று தெரியாது. கண்ணாடியையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். வெயிலே இல்லாத இடத்தில், கரையில் நிற்கிற பழக்கத்தில் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பார்த்தவர் கையை உயர்த்தி ஆட்டினார். எனக்கு அல்ல, பூதங்களுக்கு. பிறகு ஒரு மேசையையும் திரும்பிப் பாராமல் நேரே நடந்து வந்தார்.

"அங்க நிண்டு பாத்தன். உன்ட ஆக்கள் மட்டும்தான் தெரியிறாங்கள்," என்றார்.

எனக்கு அப்போதே கிண்ணம் கிடைத்த மாதிரிதான். ஆனால் உண்மையான கிண்ணமும் கிடைத்தது. என் பேரை மூன்று மொழியிலும் கூப்பிட்டார்கள். நான் போட்ட கூச்சலில் ஒரு நடுவர் காதைப் பொத்திக்கொண்டார். வெட்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோசம். கருவாட்டுக்காரன் கை கொடுத்து, இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று மரியாதையாகக் கேட்டான்.

"நாங்க கருவாடு போடுற கரையில இருந்து," என்றேன், அவனுடைய சிங்களத்திலேயே. அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு நிறையும்.

திரும்புகிற ரயிலில் யன்னலோரம் இடம் கிடைத்தது. மச்சாள் கிண்ணத்தைத் தன் மடியில் வைத்திருந்தார், கேட்டாலும் தருகிறமாதிரி இல்லை. வழியில் ஏதும் உடைந்ததா என்று நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதிரில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். நல்ல மனுசிதான், சிரித்த முகம்.

"வடிவா இருக்கு. பிள்ளைக்கு வாங்கின பொம்மையா மகள்?"

நான் பெட்டியை மூடப் போனேன். மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொம்மை இல்ல," என்றார், அந்த ரயில்பெட்டி முழுவதற்கும் கேட்கிற குரலில். "படை. இவட படை." மடியிலிருந்த கிண்ணத்தைத் தூக்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "கலர் மட்டும்தான் என்ட."