இரவல் சாட்சி

என் அக்கா வீட்டுக்காரருக்கு 'வெதுவெதுப்பு' என்று பெயர் வைத்தவள் நான்தான். அதில் எனக்கு வெகுநாள் பெருமை இருந்தது. மனுஷனுக்குச் சூடும் கிடையாது, குளிரும் கிடையாது. கோபம் வராது, சிரிப்பும் வராது. போட்டதைச் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கவும் மாட்டார். வேதப் படிப்பு வகுப்பில் ஒருநாள் அந்த வார்த்தை காதில் விழுந்ததும், இது எங்கள் அத்தானுக்கு அளவெடுத்துத் தைத்தது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. நற்செய்தியைக் கொண்டுபோங்கள் என்றால் எங்கள் சபையாருக்குக் கால் வலிக்கும். இந்த மாதிரிச் செய்தி என்றால் கால் தரையிலேயே படாது.

அத்தானுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய கடை. இறக்கை கழற்றிய ஃபேன்கள் கூரையில் தொங்கும், தண்ணீர் மோட்டார்கள் தரையில் கிடக்கும், வார்னிஷ் நெடி சட்டையில் ஏறி வீடு வரை வரும். எரிந்துபோன காயிலைப் பிரித்துப்போட்டுவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றுவார். அந்த நேரத்தில் வானமே இடிந்து விழுந்தாலும் வாய் திறக்க மாட்டார். எண்ணிக்கை விட்டுப்போனால் சுற்றியதையெல்லாம் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். யாராவது பேசினால் புருவத்தைத் தூக்குவார். பொறு என்று அர்த்தம். இருபது வருஷம் இப்படியே எண்ணி எண்ணி, கடையைப் பூட்டிய பிறகும் பேச்சு வராத ஆளாகிவிட்டார். அவர் கட்டிய மோட்டார் மறுபடி கடைக்கு வந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதையெல்லாம் நான் ஒரு பெருமையாகவே எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் சபையில் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் சாட்சி வேளை என்று இருபது நிமிஷம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். சொல்வதெல்லாம் ஒரே கதை. குடித்தேன், அடித்தேன், கெட்டுப்போனேன், தொட்டார், விடுதலையானேன். இதில் கறிக்கடைக்காரர்தான் ராஜா. நான் சின்னப் பெண்ணாக முதலில் கேட்டபோது அவர் தினம் அரை பாட்டில் குடித்தவர். போன வருஷம் கேட்டபோது அது மூன்று பாட்டில் ஆகி, கூடவே ஒரு கத்தியும் முளைத்திருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள். எங்கள் சபையில் கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகும். பாவம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய 'ஸ்தோத்திரம்' என்ற முழக்கம் சபையிலிருந்து கிடைக்கும். ஒழுங்காக வாழ்ந்தவன் இந்தச் சபையில் எடுபட மாட்டான்.

சபைக்கு இருபத்தைந்து வருஷம் நிறைவதை ஒட்டி, வாரம் ஒரு குடும்பத் தலைவர் சாட்சி சொல்ல வேண்டும், அதில் நன்றாகச் சொன்ன சிலர் நிறைவு விழாவில் மறுபடியும் சொல்வார்கள் என்று போதகர் அறிவித்தார். வாரம் வாரமாகக் குடிகாரர்கள் வந்து போனார்கள். கடைசியில் அத்தான் முறை வந்தது.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான் குடியிருப்பது அவர்கள் வீட்டு மாடியில், சாப்பாடு கீழேதான். வியாழக்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குன்னு சொல்ல என்ன இருக்கு?" என்றார். அக்காவைத்தான் கேட்டார். முந்திக்கொண்டது நான்.

"ஒண்ணுமில்ல அத்தான். பாவம் செய்யறதுக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும்ல?"

அக்கா என்னை முறைத்தாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு மைக் முன்னால் போய் நின்றார். சிறுவயதிலேயே ஆண்டவரை அறிந்தேன் என்று ஆரம்பித்தார். பத்து வயதில் ஜெபிக்கப் பழகினேன் என்றார். வேலையில் கர்த்தர் துணையாக இருக்கிறார் என்றார். அதற்குமேல் வண்டி நகரவில்லை. முன் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். போதகர் மணியைப் பார்த்தார். பின்னால் யாரோ என் வாயிலிருந்து பிறந்த அந்தப் பெயரைச் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அது அவர் காதில் விழுந்தது. நான் பார்த்தேன்.

"நான் ஒரு குடிகாரனா இருந்தேன்" என்றார் அத்தான்.

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த மனுஷன் வாழ்நாளில் இருமல் மருந்துக்கு மேல் எதுவும் குடித்ததில்லை. ஆனால் ஒரு 'ஸ்தோத்திரம்' வந்து விழுந்ததும், அதன் ருசி பிடித்துப்போயிற்று. குரல்கூடக் கறிக்கடைக்காரர் குரலாகிவிட்டது. அதே இழுவை, அதே இடத்தில் அதே விசும்பல். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். குடித்துவிட்டு வீட்டுச் சாமான்களை உடைத்தாராம். பிறகு அடுத்ததைச் சொன்னார்.

"என் மனைவியை அடிச்சேன்."

எல்லார் கண்களும் பெண்கள் பக்கம் திரும்பின. அக்கா இரண்டாவது வரிசையில், வலது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை முழங்கையில் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று ஒரு முனகல் சபை முழுக்க ஓடியது. அத்தானும் அதைப் பார்த்தார். பார்த்தவர் நிறுத்தவில்லை. அப்புறம் ஆண்டவர் என்னைத் தொட்டார் என்று முடித்தார். கூரை அதிர்ந்தது.

அந்தக் கோணல் எப்படி வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் அக்கா சறுக்கி விழுந்தாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கை மடங்குவதில்லை, தலைக்குப் பின்னால் போவதில்லை. அவளுக்கோ இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. கட்டுப் போட்ட வாரத்திலிருந்து தினம் காலையில் கடைக்குப் போகுமுன் அவளுக்குத் தலைவாரிச் சடை பின்னுவது அத்தான்தான். ஆரம்பத்தில் செப்புக் கம்பியை இழுக்கிற மாதிரி இழுப்பார், அவள் புருவம் நெற்றிக்கு ஏறியிருக்கும். பிறகு கை பழகிவிட்டது. பெண்டாட்டிக்குச் சடை பின்னுகிற ஆம்பிளையைப் பார் என்று நான் ஒருநாள் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பின்னினார்.

ஆராதனை முடிந்ததும் கறிக்கடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து, நீ என் தம்பி என்றார். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர்கள் வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். நிறைவு விழாவில் இதே சாட்சியைச் சொல்ல வேண்டும் என்று போதகர் அங்கேயே எழுதிக்கொண்டார். அத்தான் முகம் இருபது வருஷத்தில் முதல்முறையாகச் சிவந்திருந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பெண்கள் பக்கம் இன்னொரு கூத்து. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஒருத்தி அக்காவின் கையைத் தடவிக் கண்ணீர் விட்டாள். ஒருத்தி, இவ்வளவு நாளும் எப்படித் தாங்கினீங்க என்றாள். புருஷனால் கஷ்டப்படும் பெண்களுக்கு ஒரு ஜெபக்குழு வைக்கிறோம், நீங்கள்தான் தலைவி என்றார் போதகரம்மா. சபை நடுவில் புருஷனைப் பொய்யன் என்று சொல்லவும் அக்காவுக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

மறுநாள் காலையில் அத்தான் சீப்போடு வந்து நின்றபோது, அவள் சீப்பை வாங்கி மேஜைமேல் வைத்தாள். மாடி ஏறி என்னிடம் வந்தாள். நான் பின்னிவிட்டேன். நான் போட்ட சடை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு வாரம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மன்னித்துவிடு என்று அவர் கேட்டாராம். வீட்டுக்குள் கேட்டு என்ன பிரயோஜனம், சொன்னது வீட்டுக்குள்ளா என்று அவள் கேட்டாளாம்.

விழாவுக்கு முந்தின நாள் கத்தரிக்கோலோடு மேலே வந்தாள்.

"கழுத்தோட வெட்டிவிடுடி."

"பைத்தியமா உனக்கு?"

"அடிக்கிற கைன்னு ஊருக்கே சொல்லிட்டாரு. அந்தக் கைக்கு என் தலைய நான் எப்படிக் கொடுக்கறது? நாளைக்கு மறுபடியும் சொல்லப்போறாரு. எனக்கு இந்த முடி வேண்டாம்."

அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாளை சாயங்காலம் வரை பொறு, அதற்குப் பிறகு நானே வெட்டிவிடுகிறேன் என்று கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். நேரே கடைக்குப் போனேன்.

அத்தான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். புருவத்தைத் தூக்கினார். நான் பொறுக்கவில்லை. முடியை வெட்டச் சொல்லி வந்து நிற்கிறாள் என்று சொல்லிவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினேன். கோழை என்றேன், அடுத்தவன் எச்சிலை மென்று பெருமைப்படுகிற ஜென்மம் என்றேன். அவர் கை நின்றது. எண்ணிக்கை போயிருக்கும். மெதுவாகச் சுற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவருக்கு இன்னொரு கறிக்கடைக்காரர் வேணும்னா இன்னொருத்தரைப் படைச்சிருக்க மாட்டாரா?" என்றேன். "உங்களை எதுக்கு அத்தான் தனியா உக்காந்து செஞ்சாரு? கூட வெச்சிருந்த பன்னெண்டு சீஷரையும் அவர் ஒரே மாதிரியாவா ஆக்கினாரு?"

"என் கதைய யாரு கேப்பா?" என்றார். கம்பியைப் பார்த்தபடியே சொன்னார். "அதுல ஒண்ணுமில்லன்னு நீதான சொன்ன."

அதுவரை அவர்மேல் காறித் துப்பிக்கொண்டிருந்தவள், அண்ணாந்து துப்பியவள் போல நின்றேன். கடைப் படி இறங்கி வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் விழா. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார், தோரணம், வாடகை ஒலிபெருக்கி. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடியை ஒரு கிளிப்பில் அள்ளிக் குத்தியிருந்தாள். கொடும் குடியிலிருந்தும் வன்முறையிலிருந்தும் மீட்கப்பட்ட நம் சகோதரர் என்று போதகர் அறிவிக்க, கைதட்டலுக்கு நடுவே அத்தான் மைக்குக்குப் போனார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறாரோ ஜெபிக்கிறாரோ எனக்குத் தெரியாது.

"நான் குடிச்சதே இல்ல" என்றார். அது அவருடைய சொந்தக் குரல், சன்னமானது. "அன்னைக்குச் சொன்னது பொய். என் மனைவியை ஒருநாளும் நான் அடிச்சதில்ல. மாடிப்படியில விழுந்துதான் அவ கை உடைஞ்சது. அவளுக்குக் கை பின்னால போகாது. ஆறு வருஷமா நான்தான் அவளுக்குச் சடை பின்னிவிடறேன். அது எனக்குப் பிடிக்கும். எனக்கு வேற சாட்சி இல்ல."

ஒரு 'ஸ்தோத்திரம்' விழவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கறிக்கடைக்காரர் தன்னைத்தான் அவமானப்படுத்திவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். போதகர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, கர்த்தர் நம் சகோதரரின் மனதை இன்னும் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கிறது என்று சிரித்துச் சமாளித்தார். வெளியூர்ப் பிரசங்கியார் தலையை ஆட்டினார். உண்மையைச் சொன்னவனுக்காகச் சபையே தலைகுனிந்த நாள் அது. பின் வரிசையிலிருந்து போதகரம்மா குனிந்து அக்காவின் தோளைத் தட்டினார்.

"நீங்கதான் இப்படிச் சொல்லச் சொன்னீங்களா? பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்."

பொய்யை இவர்கள் ஒரு நொடியில் நம்பினார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த கதை. இதுவோ இதற்குமுன் யாரும் சொல்லாத கதை, ஆகவே இருக்க முடியாது. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

அக்கா எழுந்தாள். நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனாள். அத்தான் முதல் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பி, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில், தரையில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இடது கையால் கிளிப்பை எடுத்தாள். முடி அவர் முழங்கால்மேல் விழுந்தது.

"பின்னுங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற போதகர் கையில் மைக் அணையாமல் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. அவர் ஒருமுறை நிமிர்ந்து அத்தனை முகங்களையும் பார்த்தார். பிறகு சீப்பு இல்லாமல் விரலாலேயே சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, பின்ன ஆரம்பித்தார்.

போதகர் அவசர அவசரமாக அடுத்த பெயரை வாசித்தார். யாரும் வரவில்லை. மறுபடி வாசித்தார், சத்தமாக. அந்தப் பெயருக்குரியவர் சட்டைப் பையிலிருந்து சாட்சி எழுதிய தாளை எடுத்து, பிரித்துப் பார்த்து, பழையபடி மடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.