முனை தொட வேண்டிய கோடு

பம்ப் மூடி ஒன்றின் வரைபடம் அது. பக்கவாட்டுத் தோற்றத்தில் நெருக்கமாக இரண்டு கோடுகள். அவற்றின் நடுவே, எதையும் தொடாமல், டிக் போட்டது போன்ற ஒரு குறி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கூர்முனை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்த முகத்தை மட்டும் மெஷினில் வழவழப்பாக்க வேண்டும். மற்ற முகம் வார்ப்பில் வந்த சொரசொரப்போடு இருக்கலாம். முகம் மாறினால் மூடி சரியாக உட்காராது, எண்ணெய் கசியும், மூடி பழைய இரும்புக்குத்தான் போகும். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்கு வரைபடத்தில் பாதி புரியாது. அந்தக் குறியை மட்டும் தேடிப் பார்ப்பேன், ஏனென்றால் என் வேலை அதில்தான் இருந்தது.

முடிச்சூர் சாலையில் ஒரு ஷெட். கீழே மெஷின்கள், மாடியில் வரைபட அறை. அதற்கு முன் லாரியில் கிளீனர், படப்பையில் ஓட்டல் வேலை என்று எங்கும் ஒரு வருடம் தாண்டாதவன் நான். தங்க இடமில்லாமல் ஷெட்டிலேயே சாக்கு விரித்துப் படுத்தேன். கொசுவைத் தவிர வேறு குறையில்லை. மாடியில் வரைந்தவரை எல்லோரும் டிராயிங் அக்கா என்போம். சேலையூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை. மகளின் நர்சிங் படிப்பு அவர் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தாளோடு மாடி ஏறி, "அக்கா, இது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "உள்பக்கம்டா, கேஸ்கட் உக்கார்ற இடம்" என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார். பிறகு அடிக்கடி ஏற வேண்டியிருந்தது. சில தாள்களில் குறி அந்தரத்தில் நிற்கும். சிலவற்றில் தப்பான கோட்டின் மேல் உறுதியாக நிற்கும், அதுதான் ஆபத்து. "இன்னா மச்சான், மாடியிலயே வூடு புடிச்சிட்டியா?" என்பான் பக்கத்து மெஷின்காரன். "ஆமா, தண்ணி லாரி நேரா மேலயே வருது. நீயும் வந்துடு" என்பேன்.

ஒருநாள் அக்கா கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைப் பார்த்தேன். ஒரே கோடு திரை முழுக்க வந்த பிறகும் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்த்தார். நான் கேட்காமலே சொன்னார்: "சர்க்கரை கண்ணுக்கு வந்துடுச்சு. ஓரமெல்லாம் தெரியுது. எதைப் பாக்கணுமோ அதுமேலதான் ஒரு கறை வந்து நிக்குது."

"இதுக்குப் போய் இன்னாத்துக்குக்கா பேஜாராவறீங்க? நான் மேல வந்து கேட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது. பாப்பா படிப்பு முடியட்டும்."

"நீ எத்தன நாள் இங்க இருப்ப?"

ஒரகடம் பக்கம் ஆள் எடுக்கிறார்களா என்று அந்த வாரம்தான் விசாரித்திருந்தேன்.

"போயிடுவ. உனக்கப்புறம் வர்றவன் என்கிட்ட ஏன் கேக்கப்போறான்? முனை எங்க நிக்குதோ அங்க வெட்டுவான். வேலை கெட்டா திட்டு அவனுக்குத்தான் விழும்."

எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார். நான் தாளோடு வாசலில் நின்றேன். முதலாளி கேட்டது எனக்கும் கேட்டது: "யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா? நீங்களா வந்து ஏம்மா சொல்றீங்க?"

"கம்ப்ளெயின்ட் வந்தப்புறம் சொல்லி என்ன சார் பிரயோஜனம்? நான் கடைசியா போட்டதையெல்லாம் வேற யாரையாவது வெச்சு ஒருவாட்டி பாத்துடுங்க."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. வேறு வேலை கொடுக்கலாமா என்று யோசித்துப் பார்த்தார். அந்தச் சின்ன ஷெட்டில் எல்லா வேலைக்கும் கண் வேண்டியிருந்தது. அக்கா அந்த மாதத்தோடு நின்றார். நான் பொங்கலுக்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

இப்போது ஒரகடம் பக்கம் இருக்கிறேன். வரைபடங்கள் போனிலேயே வருகின்றன. வரைந்தவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. முனை கோட்டைத் தொட்டிருந்தால் வெட்டுகிறேன். தொடாவிட்டால் ஏறிப்போய்க் கேட்க மாடி இல்லை.

போன மாதம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல் கேட்டது: "தம்பி, இது கேம்ப் ரோடு போகுமா?"

"போகும்கா" என்றேன். குரலை வைத்தே டிராயிங் அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீயா! இப்ப எந்தக் கம்பெனி?" சொன்னேன். "அதுக்குள்ள எத்தன மாத்தின?" என்று சிரித்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். "நடுவுல நிறுத்திட்டு துணிக்கடையில நின்னா. அப்புறம் முடிச்சிட்டா. என்மேல கோவம். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"சொல்லாமயே இருந்திருக்கலாம்னு தோணுமாக்கா?"

"தோணும். மாசம் பொறந்தா தோணும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா மடக்கி வைத்திருந்த வெள்ளைக் குச்சியை விரித்தார். பஸ் கேம்ப் ரோடு போகும் என்று நான் சொல்லியிருந்தும், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இன்னொருமுறை கேட்டுக்கொண்ட பிறகுதான் ஏறினார்.