சிவப்பு மாத்திரை

காலையில் அப்பாவின் டப்பாவைக் கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். செக்கச்செவேலென்று இருந்தது. காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்தவர், வடக்கத்தி ஊரின் அந்த ஜனவரிக் குளிரில் எங்கள் கேம்ப் குடிசையிலிருந்து சாக்கடை ஓரம் வரை நடக்க முடியாமல் டப்பாவில்தான் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். ரத்தம் என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு டிபி என்று தெரிந்து சர்க்கார் மையத்தில் மருந்து தொடங்கியபோது அவளுக்கும் இப்படித்தான் போனது. சிவப்பு மாத்திரையின் சாயம்தான், பயப்படாதே என்று மருந்து கொடுக்கும் அக்கா, எல்லோருக்கும் தீதி, சொல்லியிருந்தாள். அப்படியென்றால் அந்த மாத்திரை அப்பாவுக்குப் போகிறது. நடுவில் அடங்கியிருந்த அம்மாவின் இருமல் இப்போது திரும்பியிருந்தது. நானோ அதற்குக் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே மாத்திரையைக் கையில் தர மாட்டார்கள். தீதியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தாள் மகராசி.

பாத்திரம் தேய்க்கும் கோட்டி பங்களாவுக்குப் போகிற சாக்கில் மையத்துக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தேன். மழுப்பினாள். விடவில்லை. மற்றதை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் கன்னத்தில் அடக்கி வந்து, முந்தானையில் துடைத்து அப்பாவுக்குக் கொடுக்கிறாளாம். அதில்தான் பவர் இருக்கிறதாம்.

"செத்துப்போயிடுவேம்மா நீ."

"மெதுவாப் பேசுடி. அவரும் அங்க வந்து நின்னா கேம்ப் முழுக்கத் தெரிஞ்சிடும். அவரை எந்த டேக்கேதார் மேஸ்திரி மூட்டை தூக்கக் கூப்பிடுவான்? என்னை எந்தக் கோட்டியில உள்ள விடுவாங்க? முதல்ல அவரு எழுந்துக்கட்டும். அப்புறம் நான் போட்டுக்கறேன்."

அப்புறமாம்! தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இவளுக்குக் கேம்ப் என்ன சொல்லும் என்ற கவலை. கூடவே போனேன். வழியெல்லாம் கெஞ்சினாள், கையைக் கிள்ளினாள். அவள் மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியதும், வாயைத் திறக்கச் சொல்லுங்கள் என்று தீதியிடம் இந்தியில் சொன்னேன். சிவப்பு மாத்திரை ஈறோரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

தீதி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அரைகுறையாகப் போட்டால் இருவருக்குமே மருந்து கேட்காமல் போய்விடும் என்றாள். அம்மாவுக்கு மறுபடி சளி சோதனை, ஊசியோடு முதலிலிருந்து வைத்தியம். அப்பாவை உடனே அழைத்து வா என்றாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் அம்மா அதைச் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள்.

"அவ மருந்தையா நான் தின்னுக்கிட்டிருந்தேன்?" என்றார்.

ரஜாய்ப் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே சந்தில் இறங்கினார். முகத்தை மூடிக்கொள்ள அம்மா மஃப்ளரை நீட்டினாள். வாங்கவில்லை. இந்த உடம்போடு எங்கே என்று குழாயடியில் யாரோ கேட்டார்கள்.

"எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் டிபி. மருந்துக்குப் போறோம்," என்றார், சந்து முழுக்கக் கேட்கும்படி.

அம்மா மஃப்ளரை அவர் தோளில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நடந்தாள்.