நெல்லிக்காய் தூக்கிய கை

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் லாரி பேட்டரி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் இருந்தேன். பழைய பேட்டரியை உடைத்து, ஈயத் தகடுகளை உருக்கி வார்ப்பது என் வேலை. ஈயப்புகை உடம்பில் தங்கக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு வைத்தியம் இருந்தது. வேலைக்கு நடுவே ஆளுக்கொரு வாழைப்பழமும் வெல்லக்கட்டியும். உருக்குகிற அடுப்புப் பக்கத்திலேயே நின்று, கறுத்த கையோடு தின்போம். எவனாவது கை கழுவப் போனால், "ஏலே, பொண்ணு பாக்கவா போற?" என்று கேலி செய்வோம்.

சாயங்காலமானால் நான் வேறு ஆள். பூப்பந்து ஆடுவேன். இடப்பக்கம் வரும் பந்தை மணிக்கட்டை நிமிர்த்தி நான் திருப்பி அடிப்பதைப் பார்க்கவே மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

அந்த வலது கைதான் தொங்கிப்போனது. விரலை மடக்க முடிந்தது, மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. பேட்டைப் பிடித்தால் அது தரையைப் பார்த்தது. இனி ஆட்டமே இல்லை என்று நினைத்து வாய்விட்டு அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "ஈயம் நரம்பை அரிச்சிருக்கு, இரும்பைத் துரு திங்கிற மாதிரி. மாத்திரை தாரேன். நெல்லிக்காய், கொய்யா, கீரை நல்லாச் சாப்பிடுங்க, அந்த அரிப்பைத் தடுக்க ஒத்தாசையா இருக்கும். ஆனா மொதல்ல ஈயம் உள்ள போறது நிக்கணும். அழுக்குக் கையோட தின்னா பழத்தோட விஷத்தையும்ல முழுங்குறீங்க!"

மருந்தென்று தின்ற வாழைப்பழம்தான் ஈயத்தை எனக்கு ஊட்டியிருக்கிறது.

உருக்கும் வேலையை அன்றோடு விட்டு, பேட்டரி விற்கும் கடைக்கு மாறினேன். என் மனைவிக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்பு. பிறந்த வீட்டுத் தோட்டத்து நெல்லிக்காய் பை பையாக பஸ்ஸில் வந்தது. துவையல், பச்சடி, சாறு என்று ஒரு வேளையும் தப்பவில்லை.

"எம்புட்டு நாளைக்குத்தான் இதத் திங்கிறது?"

"கை தூக்குற வரைக்கும்."

என் விரல்களை முகர்ந்து பார்ப்பாள். சோப்பு வாசம் வந்தால்தான் தட்டு வரும். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவேன். மெல்ல மெல்ல மணிக்கட்டு அசைந்தது, பிறகு எழுந்தது.

அடுத்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறுதி ஆட்டம். "இடப்பக்கமே போடுலே, அவனுக்குக் கை வெளங்காது," என்று எதிரணிக்காரன் என் காதுபடவே கத்தினான். போட்டார்கள். போட்ட பந்தையெல்லாம் திருப்பினேன். கடைசிப் பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

இறங்கியதும் மனைவி வைத்திருந்த நெல்லிக்காய்ப் பைக்குள் கையை விடப்போனேன். பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"செயிச்சா என்ன? மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

குழாயடிக்குப் போய்க் கழுவினேன். அங்கிருந்தே ஈரக்கையை அவளுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். நிமிர்ந்து நின்றது.